ஃபர்னஸ் ஏன் எரிய மறுக்கிறது?

பிள்ளைகளே, கனடாவின் டொராண்டோவில் ஜனவரி மாதத்துச் சில இரவுகளில் வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிரும். ஐஸ்கிரீம் வைக்கும் ஃப்ரீசருக்குள்கூட மைனஸ் 18 டிகிரிதான். அப்படிப்பட்ட இரவிலும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 20. இடையில் உள்ள 40 டிகிரி வித்தியாசத்தை இரவு முழுக்கக் காத்து நிற்பது நிலவறையில் இருக்கும் ஒரு தகரப் பெட்டி. ஃபர்னஸ் என்று அதைச் சொல்வார்கள்.

டொராண்டோப் பகுதியில் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் அதன் உறுமலைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறார்கள். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து படிக்கிற உங்களுக்கு அது புதிது அல்லவா? கேளுங்கள். உயரமான ஓர் அலமாரி அளவுக்கு இருக்கும். தெருவுக்கு அடியில் வரும் குழாயிலிருந்து இயற்கை எரிவாயு அதற்குள் வருகிறது. அந்த வாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அது எரியும்போது உண்டாகும் சூடான புகை, வளைந்து வளைந்து போகும் உலோகக் குழாய்களுக்குள் ஓடுகிறது. வீட்டுக் காற்றை ஒரு பெரிய விசிறி இழுத்து, அந்தக் குழாய்களின் வெளிப்புறத்தைத் தொட்டுப் போகும்படி தள்ளுகிறது. சூடேறிய காற்று தகரக் குழல்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போய்ச் சேர்கிறது. புகை குழாய்க்கு உள்ளே, நாம் மூச்சுவிடும் காற்று குழாய்க்கு வெளியே. இரண்டும் ஒருபோதும் கலப்பதில்லை. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எரிவாயுவால் ஒரு வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்ற முன்னோடிகளில் ஒருவர் ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து மாரிஸ்டவுன் நகரில் வாழ்ந்தவர். 1919 டிசம்பரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. விறகும் நிலக்கரியும் சுமந்து அடுப்பெரித்த காலத்தில், அறை அறையாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர். பள்ளிப் பாடங்களில் அவர் பெயர் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி. ஒரு நாள் காலையில் எழுந்தால் வீடு சில்லென்று இருக்கிறது. ஃபர்னஸ் எரியவில்லை. “கெட்டுப்போச்சு” என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பல நேரங்களில் அது கெட்டுப்போயிருக்காது. எரிய மறுத்திருக்கும். கெடுவது வேறு, மறுப்பது வேறு. மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை அறிவியலால் கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் வீட்டு அடுப்பை அம்மா எப்படிப் பற்றவைக்கிறார் என்று பாருங்கள். தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்துக்கொண்டுதான் கேஸைத் திறப்பார். பற்றியதா என்று கண்ணால் பார்ப்பார். பற்றவில்லையென்றால் உடனே மூடுவார். ஜன்னலைத் திறந்துவிட்டு, கேஸ் கலையட்டும் என்று சற்று நேரம் காத்திருப்பார். பிறகுதான் மறுபடி முயல்வார். கண், மூக்கு, காது, பொறுமை எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வேலை செய்கின்றன. ஃபர்னஸுக்கோ கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. நள்ளிரவில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அதே வேலையை அது தானாகச் செய்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் எரிவதற்கு முன்பு அது வரிசையாகச் சில கேள்விகள் கேட்கும். எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லையோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். எந்தக் கேள்வியில் நின்றது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கேள்வி: என்னை யாராவது கூப்பிட்டார்களா?

கூப்பிடுவது சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட். அறையின் வெப்பநிலை நாம் கேட்ட அளவுக்குக் கீழே போனால், அது இரண்டு மெல்லிய கம்பிகளை இணைக்கிறது. ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை. அவற்றில் ஓடுவது வெறும் 24 வோல்ட் மின்சாரம். ஃபர்னஸுக்கு உள்ளே உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 24 ஆகக் குறைத்துத் தருகிறது.

இந்தக் கருவியின் தொடக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். ஒவ்வொரு வகுப்பிலும் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பணியாளர் அடிக்கடி உள்ளே வர, பாடம் தடைபட்டுக்கொண்டே இருந்தது. சூடு கூடினாலும் குறைந்தாலும் நிலவறையில் மணி அடிக்கும்படி ஒரு மின்கருவியைச் செய்து, 1883-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று மணி அடித்துப் பணியாளரைக் கூப்பிட்டது. இன்று நேரே ஃபர்னஸையே கூப்பிடுகிறது.

ஆக, ஃபர்னஸ் மௌனமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சுவரில். திரையில் எழுத்து தெரிகிறதா? பல தெர்மோஸ்டாட்களில் பேட்டரி உண்டு. அது தீர்ந்திருந்தால் கூப்பிட ஆளே இல்லை என்று பொருள். குளிரூட்டும் நிலையில் யாராவது மாற்றி வைத்திருக்கிறார்களா? கேட்ட வெப்பநிலை அறையின் வெப்பநிலையைவிட அதிகமாக இருக்கிறதா?

அடுத்துப் பார்க்க வேண்டியது மின்சாரம். ஃபர்னஸுக்கு அருகில், சில வீடுகளில் நிலவறைப் படிக்கட்டின் மேலேயே, ஒரு சுவிட்ச் இருக்கும். பார்ப்பதற்கு விளக்கு சுவிட்ச் மாதிரியே இருப்பதால், விருந்தாளி யாராவது விளக்கை அணைப்பதாக நினைத்து அதை அணைத்துவிடுவார்கள். மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கவும் கூடும். இன்னொன்றும் இருக்கிறது. ஃபர்னஸின் கதவுக்குப் பின்னால் ஒரு பொத்தான் உண்டு. கதவு சரியாக மூடி அதை அழுத்தினால்தான் உள்ளே மின்சாரம் போகும். ஃபில்டரை மாற்றிவிட்டுக் கதவை அரைகுறையாகப் பொருத்தினால் மொத்தப் பெட்டியும் ஊமையாகிவிடும். கதவு திறந்திருக்கும்போது சுழலும் விசிறியில் யார் விரலும் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

கூப்பிட்டது கேட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே கேஸைத் திறக்குமா? திறக்காது. இரண்டாவது கேள்வி இருக்கிறது: புகை வெளியே போக வழி இருக்கிறதா?

இதற்காக ஃபர்னஸில் ஒரு சிறு விசிறி தனியாக உண்டு. வீட்டுக் காற்றைத் தள்ளும் பெரிய விசிறி வேறு, இது வேறு. எரிகிற அறையிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் இதன் வேலை. ஃபர்னஸ் தொடங்கும்போது முதலில் கேட்கும் ஊளைச் சத்தம் இதனுடையது. முந்தைய முறை எரியாமல் தங்கிய வாயு ஏதாவது இருந்தால் அதையும் இது துடைத்து வெளியே அனுப்பிவிடுகிறது. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். அந்த அளவு கலவை உள்ளே தேங்கி நிற்கும்போது நெருப்பைக் காட்டினால் வெடிக்கும்.

விசிறி சுற்றினால் போதுமா? வழி அடைத்திருந்தால் அது சுற்றியும் பயனில்லை. அதைச் சோதிப்பது பிரஷர் சுவிட்ச். தோசைக்கல்லின் அளவுகூட இல்லாத ஒரு வட்டப் பெட்டி, அதற்குள் மெல்லிய ரப்பர் சவ்வு, விசிறியோடு அதை இணைக்கும் ஒரு சிறு ரப்பர் குழாய். விசிறி காற்றைச் சரியாக உறிஞ்சினால் சவ்வு உள்ளே இழுபட்டு சுவிட்ச் மூடும். அந்த உறிஞ்சல் எவ்வளவு மெல்லியது என்று தெரிய வேண்டுமா? ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை நட்டு, தண்ணீர் ஓர் அங்குலம் மட்டும் மேலே ஏறும்படி உறிஞ்சிப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வளவு உறிஞ்சலைக் கொண்டுதான் வழி திறந்திருக்கிறதா இல்லையா என்று ஃபர்னஸ் முடிவு செய்கிறது.

கனடாவில் குளிர்காலத்தில் ஃபர்னஸ் மறுப்பதற்கு அடிக்கடி காரணமாவது இந்தக் கேள்விதான். எப்படி என்று சொல்கிறேன். வீட்டின் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பல வீடுகளில் ஒன்று காற்றை உள்ளே எடுக்க, மற்றது புகையை வெளியே விட. இரவு முழுக்கப் பனிப்புயல் அடித்தால் காற்று பனியைக் கொண்டுவந்து சுவரோரம் குவிக்கும். குழாயின் வாய் மூடிக்கொள்ளும். சவ்வு இழுபடாது, சுவிட்ச் மூடாது, கேஸ் திறக்காது. வெளியே போய்ப் பனியை விலக்கினால் ஃபர்னஸ் தானாக எரியத் தொடங்கிவிடும். பழுது பார்க்க எதுவுமே இல்லை.

“நெருப்புப் புகை போகும் குழாயைப் பிளாஸ்டிக்கிலா செய்வார்கள்? உருகாதா?” என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. மீத்தேன் மூலக்கூறு ஒன்றில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். அது எரியும்போது கார்பன் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஆம், நெருப்பிலிருந்து தண்ணீர்! ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பழைய ஃபர்னஸ்களில் அந்த ஆவி புகையோடு புகைபோக்கி வழியாகப் போய்விடும். தண்ணீர் ஆவியாக மாறும்போது நிறைய வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்று படித்திருப்பீர்கள். அந்த ஆவியை மீண்டும் தண்ணீராக்கினால் எடுத்த வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடும். புதிய ஃபர்னஸில் இரண்டாவதாக ஒரு குழாய்க் கூட்டம் வைத்துப் புகையைக் குளிர வைக்கிறார்கள். ஆவி சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகி, எரிவாயுவின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை வீட்டுக்கே திருப்பித் தருகிறது. இத்தனை வெப்பத்தையும் கொடுத்த பிறகு வெளியே போகும் புகை பிளாஸ்டிக்கை உருக்கும் அளவுக்குச் சூடாக இருப்பதில்லை. கனடாவில் புதிதாக விற்பனைக்கு வரும் வீட்டு எரிவாயு ஃபர்னஸ்கள் குறைந்தது 90 விழுக்காடு திறன் உடையவையாக இருக்க வேண்டும் என்ற விதி 2009-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு சிறு குழாய் வழியாகத் தரையில் உள்ள வடிகாலுக்குப் போகிறது. அதில் அழுக்கு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னோக்கித் தேங்கி விசிறிவரை எட்டிவிடும். அப்போதும் பிரஷர் சுவிட்ச் மூடாது. ஊளைச் சத்தம் மட்டும் கேட்டு அதோடு நின்றுபோனால், வெளியே வெள்ளைக் குழாய்களையும் உள்ளே இந்த வடிகாலையும் பார்க்க வேண்டும். களகளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வடிகால்மேல்தான் சந்தேகம்.

வழி திறந்திருக்கிறது. மூன்றாவது, நெருப்பு. பழைய ஃபர்னஸ்களில் ஆண்டு முழுக்க ஒரு சின்னச் சுடர் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பைலட் என்பார்கள். அது அணைந்தால் ஃபர்னஸும் எரியாது. இப்போது வருகிறவற்றில் அது இல்லை. சிலிக்கன் கார்பைடு அல்லது சிலிக்கன் நைட்ரைடால் செய்த ஒரு சிறு துண்டு இருக்கிறது. அதற்கு இக்னைட்டர் என்று பெயர். மின்சாரம் பாய்ந்ததும் அது 1,000 டிகிரிக்கும் மேல் சூடாகி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். மீத்தேன் தீப்பற்ற 540 டிகிரி அளவு போதும். அதனால் அது நன்றாகப் பழுத்த பிறகுதான் கேஸ் வால்வு திறக்கும்.

ஆயிரக்கணக்கான முறை சூடாகிக் குளிர்ந்து, ஒரு நாள் அதில் மயிரிழை விரிசல் விழும். அதோடு மின்பாதை அறுந்துபோகும். ஃபர்னஸின் கதவில் உள்ள சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஊளைச் சத்தம் கேட்டுச் சிறிது நேரம் ஆகியும் ஆரஞ்சு ஒளி வரவில்லை என்று தெரியும். சிலிக்கன் கார்பைடு இக்னைட்டரைத் தொழில்நுட்பர்கள் வெறும் விரலால் தொட மாட்டார்கள். தோலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடேறி அங்கேயே விரிசல் விட்டுவிடும்.

இப்போது கேஸ் திறந்துவிட்டது. நீலச் சுடர் ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் பற்றுகிறது. நான்காவது கேள்வி: உண்மையிலேயே பற்றியதா? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கு ஃபர்னஸ் பதில் கண்டுபிடிக்கும் விதத்தைச் சற்று நின்று பார்ப்போம்.

சுடரின் நடுவே பென்சிலைவிட மெல்லிய ஓர் உலோகக் கம்பி நிற்கிறது. அதுதான் ஃப்ளேம் சென்சார். சூட்டை அளக்கும் கருவி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது சுடர் வழியாக மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கிறது.

சுடர் வழியாக மின்சாரம் போகுமா? போகும். சாதாரணக் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சுடருக்குள் மூலக்கூறுகள் உடைந்து ஒன்றோடொன்று சேரும் களேபரத்தில், சில அணுத்தொகுதிகள் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனிகளாகின்றன. இழந்த எலக்ட்ரான்கள் தனியே அலைகின்றன. இவை மிகச் சிலவே என்றாலும், மின்சாரம் பாய இவை போதும்.

கம்பிக்கு மாறுதிசை மின்சாரம் கொடுக்கப்படுகிறது. அதாவது கம்பி ஒரு கணம் நேர்மின்னாகவும் மறுகணம் எதிர்மின்னாகவும் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எலக்ட்ரான் மிக இலேசானது, துள்ளி ஓடும். அயனி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கனமானது, மெல்ல நகரும். கம்பி நேர்மின்னாக இருக்கும்போது எலக்ட்ரான்கள் விரைந்து அதை வந்தடைகின்றன. கனமான அயனிகளை வாங்கிக்கொள்ள எதிரே பர்னரின் அகன்ற உலோகப் பரப்பு இருக்கிறது. மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது. கம்பி எதிர்மின்னாக மாறும்போது, அந்த மெதுவான அயனிகள் ஒல்லியான கம்பியைத் தேடி வர வேண்டும். கொஞ்சமே வருகின்றன. ஆகவே ஒரு திசையில் அதிகம், மறு திசையில் குறைவு. கூட்டிக் கழித்தால் ஒரே திசையில் ஒரு சிறு மின்னோட்டம் மிஞ்சுகிறது.

அந்த மிச்சம் எவ்வளவு? சில மைக்ரோ ஆம்பியர். ஒரு சிறு எல்.இ.டி. விளக்குக்கு வேண்டிய மின்னோட்டத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபர்னஸின் மின்பலகை இந்தச் சிறு துளியைத்தான் தேடுகிறது. ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும், மின்சாரம் பாய்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. கம்பி தற்செயலாகத் தகரத்தைத் தொட்டாலும் மின்சாரம் பாயும், ஈரம் கசிந்தாலும் பாயும். ஆனால் அப்போது இரண்டு திசையிலும் சமமாகப் பாயும். ஒரு திசைக்கு மட்டும் சாய்வது சுடரின் வழியாகப் போகும்போதுதான். அதனால் ஃபர்னஸை ஏமாற்ற முடியாது. இதைக் கண்டறிந்து வீட்டுக் கருவியில் பொருத்தியவர்களை நினைத்தால் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டாகிறது.

ஆனால் இந்தக் கம்பியும் நாளடைவில் அழுக்காகும். வீட்டில் பயன்படுத்தும் ஸ்ப்ரேக்கள், முடிக்குப் பூசும் பொருள்கள் சிலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. காற்றோடு சுடருக்குள் போய் எரிந்தால் அது சிலிக்காவாக மாறும். மணலில் உள்ள பொருள்தான் சிலிக்கா. கண்ணுக்கே தெரியாத படலமாக அது கம்பியில் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். சுடர் நன்றாக எரியும், ஆனால் ஃபர்னஸுக்கு அது தெரியாது. “எரியவில்லை போலிருக்கிறது” என்று நினைத்துச் சில வினாடிகளில் கேஸை மூடிவிடும். எரிந்து எரிந்து உடனே அணையும் ஃபர்னஸ் என்றால் அனுபவமுள்ள தொழில்நுட்பர் முதலில் பார்ப்பது இந்தக் கம்பியை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பியைக் கழற்றி, மெல்லிய எஃகு நாரால் தேய்த்து மாட்டுவார். சில நிமிட வேலைதான்.

இப்படி அணைந்தால் ஃபர்னஸ் மறுபடி முதலிலிருந்து எல்லாக் கேள்விகளையும் கேட்டு முயலும். மூன்று முறை போல முயன்று பார்த்துவிட்டுத் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். பிறகு ஒரு மணி நேரம் போலச் சும்மா இருக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டால் பூட்டு விடும் என்று தெரிந்தவர்கள் திரும்பத் திரும்ப அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஒருமுறை செய்து பார்க்கலாம். மறுபடியும் பூட்டிக்கொண்டால் ஏதோ காரணத்தோடுதான் மறுக்கிறது, அதை மதிக்க வேண்டும். மின்பலகையில் ஒரு சிறு விளக்கு கண்சிமிட்டும். மூன்று சிமிட்டல், நான்கு சிமிட்டல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. எந்தக் கேள்வியில் நின்றேன் என்று அது சொல்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் விளக்கம் இருக்கும். சுவிட்சை அணைத்தால் பல ஃபர்னஸ்களில் அந்தச் செய்தி அழிந்துபோகும் என்பதால், தொடுவதற்கு முன்பே எண்ணி எழுதிக்கொள்வது நல்லது. கதவின் கண்ணாடி வழியாகச் சிமிட்டலை எண்ணுவது உங்களைப் போன்ற கூர்மையான கண்கள் செய்யக்கூடிய வேலை.

எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துச் சுடர் நிலைத்த பிறகு, அரை நிமிடம் போலக் கழித்துப் பெரிய விசிறி தொடங்குகிறது. முதலில் குளிர்காற்று நம்மேல் வீசக் கூடாது என்பதற்காக இந்தத் தாமதம். இதற்குப் பிறகும் ஃபர்னஸ் இடையில் நின்று நின்று எரிந்தால் ஃபில்டரைப் பாருங்கள். அது தூசியைப் பிடிக்கும் மடிப்புத் தாள். அடைத்துப்போனால் காற்று போதுமான அளவு வராது, வெப்பம் உள்ளேயே தங்கும். அங்கே ஒரு சிறு உலோக வில்லை இருக்கிறது. ஒரே அளவில் விரியாத இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. அளவுக்கு மீறிச் சூடானால் டக்கென்று மறுபக்கம் வளைந்து சுடரை அணைத்துவிடும், குளிர்ந்ததும் பழையபடி திரும்பும். ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி ஊடுருவவில்லையென்றால் காற்றும் ஊடுருவாது. ஓர் அங்குலத் தடிமன் உள்ள ஃபில்டரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னொரு வெப்ப வில்லையும் உண்டு. சுடர் பர்னருக்கு வெளியே பின்னோக்கி வந்தால் அது செயல்பட்டு ஃபர்னஸை நிறுத்திவிடும். அதற்குத் தானாகத் திரும்பும் வழக்கம் கிடையாது, ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானை வீட்டுக்காரர் யாரும் அழுத்தக் கூடாது. சுடர் ஏன் திசை மாறியது என்று கண்டுபிடித்த தொழில்நுட்பர்தான் அழுத்த வேண்டும். ஒன்டாரியோ மாகாணத்தில் எரிவாயு வேலை செய்ய உரிமம் வேண்டும் என்பது சட்டம். தெர்மோஸ்டாட், சுவிட்ச், பிரேக்கர், கதவு, ஃபில்டர், வெளியே பனி, இவை வீட்டார் பார்க்கக் கூடியவை. மற்றவை எல்லாம் உரிமம் பெற்றவர் கையில்.

இத்தனை கேள்விகள் எதற்கு என்று இனித் தோன்றாது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில், 1937 மார்ச் 18 அன்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். இயற்கை எரிவாயுவுக்குத் தன்னளவில் மணம் இல்லை, அதனால் கசிவது யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகே எரிவாயுவில் அழுகிய முட்டை போல நாறும் பொருளைக் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இன்று நம் மூக்கில் படும் அந்த நாற்றம், அந்தப் பிள்ளைகளுக்குப் பிறகு வந்தது.

இரண்டாவது, ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் 2008-ல் நடந்தது. எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவி, தாய், தந்தை, இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இறந்துபோனது. புகையும் வீட்டுக் காற்றும் கலக்கவே கூடாது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதனால்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் ஆக்சிஜனுக்கு இடமிருக்காது. அந்தக் குடும்பத்தின் உறவினர்கள் விடாமல் போராடியதால் 2013-ல் ஒன்டாரியோவில் சட்டம் இயற்றப்பட்டது. எரிவாயுக் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும்.

எனவே முட்டை நாற்றம் வந்தாலோ அந்த அலாரம் அடித்தாலோ எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லாரும் வெளியே போய்விடுங்கள். வெளியே நின்று அவசர எண்ணுக்கு அழையுங்கள். ஃபர்னஸ் எரியாத இரவில் குளிர் தாங்காமல் சிலர் பார்பிக்யூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவார்கள், சமையல் ஓவனைத் திறந்து வைப்பார்கள். இரண்டும் கூடாது. தொழில்நுட்பர் வரும்வரை எல்லாரும் ஒரே அறையில் கூடி, கதவைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு, போர்வைக்குள் இருக்கலாம். குழாயில் தண்ணீரை மெல்லியதாக ஒழுக விடலாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும், அந்த நெருக்கடியில் குழாய் வெடித்துவிடும்.

கனடாவில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, அந்த வெள்ளைக் குழாய்கள் எந்தச் சுவரில் இருக்கின்றன என்று பாருங்கள். பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் அவற்றின் முன்னால் உள்ள பனியை விலக்கும் வேலையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.